ராமநாதபுரம் கடற்கரை வெக்கையில் வொயிட் கிளவுட்டா, ஜீப்ராவா? தொட்டியிலிருந்து குஞ்சு எடுப்பது வரை

கேள்வி இது: கீழக்கரையில் வீடு. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் (லிட்டருக்கு எத்தனை மி.கி. உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) 2,000 காட்டுகிறது. ஹீட்டர் தேவைப்படாத, கூட்டமாகத் திரியும் சின்ன மீன் வேண்டும். எங்கே படித்தாலும் வொயிட் கிளவுட் வாங்கு என்கிறார்கள். அதை இங்கே வளர்த்துக் குஞ்சும் எடுக்க முடியுமா?

குளிரூட்டும் சாதனத்துக்குச் செலவழிக்கத் தயார் என்றால் முடியும். இல்லையென்றால் அந்த மீனை விட்டுவிட்டு ஜீப்ரா டேனியோ வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் "விசிறி போட்டுச் சமாளிக்கலாம்" என்று ஒரு வழி இருப்பதாகச் சொல்வார்கள். நம் கரையில் அது எடுபடாது. ஏன் என்று முதலில் பார்த்துவிடலாம்.

வொயிட் கிளவுட் சீனாவின் குவாங்சோ நகரை ஒட்டிய பையுன் மலை ஓடைகளில் கண்டெடுக்கப்பட்ட மீன். சாரணர் தலைவர் டான் என்பவர் அதைக் கொண்டுவந்து கொடுத்ததால், 1932இல் அறிவியல் பெயர் வைத்தபோது பேரினத்துக்கு டானிக்திஸ் என்று அவர் பெயரையே சூட்டினார்கள். நான்கு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக வளராது. அதற்குப் பிடித்த வெப்பம் 14 முதல் 22 டிகிரி வரை. "ஹீட்டர் வேண்டாம்" என்று எழுதுகிறவர்கள் அறையே 18 டிகிரியில் இருக்கும் ஊர்க்காரர்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் மார்கழி விடியற்காலையில்கூட காற்று 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 30, 31 என்று நிற்கும்.

வெப்பம் ஏறினால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 9 மி.கி. ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் அது 7.5 மி.கி.தான். அதே நேரம் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும். வொயிட் கிளவுட் 28 டிகிரியில் உடனே சாகாது. இதுதான் ஆளை ஏமாற்றுகிற விஷயம். கொஞ்ச நாள் நன்றாகவே ஓடும். பிறகு நிறம் மங்கும், செவுள் வேகமாக அடிக்கும், முட்டை நிற்கும், ஒவ்வொன்றாகக் குறையும். கடைக்காரர் நோய் மீன் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

இனி விசிறி. தொட்டியின் மேல் காற்று வீசினால் தண்ணீர் ஆவியாகி வெப்பம் இறங்கும் என்பது சரிதான். ஆனால் அது எதுவரை இறங்கும் என்பதைக் காற்றின் ஈரப்பதம் முடிவு செய்கிறது. காற்று 33 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு பெரிய விசிறி வைத்தாலும் தண்ணீர் 27 டிகிரிக்குக் கீழே போகவே போகாது. வீட்டில் நடைமுறையில் 28, 29-இல் நின்றுவிடும். ஆனி, ஆடியில் நிலத்திலிருந்து கச்சான் (மேல்காற்று) அடிக்கும் பிற்பகல்களில் காற்று காய்ந்திருப்பதால் விசிறி நன்றாகவே வேலை செய்யும். கடல்காற்று திரும்பியதும் பலன் குறைந்துவிடும்.

ஐஸ் பாட்டில் மிதக்கவிடுவது அடுத்த யோசனை. கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் ஐஸ் முழுவதும் உருகி, தண்ணீரின் வெப்பத்துக்கு வருவதற்குள் 60 லிட்டர் தொட்டியை ஒன்றரை டிகிரிதான் இறக்கும். 30-லிருந்து 22-க்குக் கொண்டுவர ஐந்து பாட்டில் வேண்டும். ராத்திரிக்குள் பழையபடி ஏறிவிடும். நிலையான 28 டிகிரியைவிட, தினமும் ஆறு டிகிரி ஏறி இறங்குவது மீனுக்குக் கெடுதல். கரண்ட் போன நாளில் உயிரைக் காப்பாற்ற ஐஸ் பாட்டில் சரி. அன்றாட ஏற்பாடாக அல்ல.

மிச்சம் இருப்பது கம்ப்ரசர் வைத்த சில்லர். 60 முதல் 100 லிட்டர் வரை உள்ள தொட்டிக்கு பத்தில் ஒரு குதிரைத்திறன் போதும். அது தண்ணீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்தான் கொட்டும். ஜன்னல் ஓரம் வையுங்கள், அலமாரிக்குள் அடைக்காதீர்கள். உப்புக்காற்றில் பின்பக்கத் தகடுகள் அரிக்கும். மாதம் ஒருமுறை தூசி தட்டித் துடைத்தால் ஆயுள் கூடும். பெல்டியர் வகைச் சின்னக் குளிரூட்டிகளை இரண்டடித் தொட்டிக்கு வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். நாள் முழுவதும் ஏசி ஓடும் அறை இருந்தால் சில்லர் இல்லாமலே ஆகும். இரவில் மட்டும் ஏசி போடும் அறை ஆகாது.

இந்தச் செலவெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஜீப்ராதான் என் பரிந்துரை. அதை இரண்டாந்தரச் சமாதானமாக நினைக்க வேண்டாம். கங்கைச் சமவெளி மீன்களை ஆராய்ந்த ஹாமில்டன் 1822இல் பெயரிட்ட நம் நாட்டு மீன் இது. வயலோரத் தேக்கங்களிலும் மெதுவாக ஓடும் வாய்க்கால்களிலும் வாழ்வது. இயற்கையில் 16 டிகிரி தண்ணீரிலும் 38 டிகிரி தண்ணீரிலும் இதைப் பார்த்துப் பதிந்திருக்கிறார்கள். உலகம் முழுக்க ஆய்வகங்களில் ஜீப்ராவை வளர்க்கும் வெப்பம் 28.5 டிகிரி. நம் வீட்டுத் தொட்டி மாசி மாதத்தில் தானாகவே காட்டும் அளவு அது. சுறுசுறுப்பிலும் கூட்டமாக ஓடும் அழகிலும் வொயிட் கிளவுட்டுக்குக் குறைந்ததல்ல.

தண்ணீர்

எந்த மீன் என்றாலும் நம் பக்கம் உண்மையான தலைவலி இதுதான். கரைக்கு அருகே போர் தண்ணீரில் ஏறியிருப்பது பெரும்பாலும் கடல் உப்பு. 2,000 டிடிஎஸ் தண்ணீரை நேராக ஊற்றினாலும் ஜீப்ரா பிழைத்துக்கொள்ளலாம். முட்டை ஒழுங்காகப் பொரியுமா என்பது சந்தேகம். அதைவிட மோசமானது, நாள்பட உப்பு ஏறுவது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும். விசிறி ஓடும் இரண்டடித் தொட்டியில் தினமும் ஒரு லிட்டர் குறைகிறது என்று வையுங்கள். அதைப் போர் தண்ணீரால் நிரப்பினால் தினமும் 2 கிராம் உப்பு உள்ளே போகிறது. 50 லிட்டர் தண்ணீரில் அது நாளுக்கு 40 டிடிஎஸ். ஒரு மாதத்தில் 1,200 கூடிவிடும். கண்ணாடி பளபளவென்றுதான் இருக்கும். மீன் மட்டும் காரணம் தெரியாமல் சோர்ந்து கிடக்கும். ஆகவே குறைந்த அளவை நிரப்ப ஆர்ஓ தண்ணீரோ மழைத் தண்ணீரோ மட்டும். வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றும்போதுதான் கலப்புத் தண்ணீர்.

கலப்பு என்றால்: டிடிஎஸ் 50 உள்ள ஆர்ஓ கேன் தண்ணீர் ஐந்து பங்கு, போர் தண்ணீர் ஒரு பங்கு. சராசரி 375 வரும். வொயிட் கிளவுட்டுக்கும் ஜீப்ராவுக்கும் 200 முதல் 400 வரை வசதி. போர் தண்ணீரை முழுக்க ஒதுக்க வேண்டாம். வெறும் ஆர்ஓ தண்ணீரில் காரத்தன்மை இல்லை. மீன் கழிவு சேரச் சேரப் பிஹெச் (அமில-கார அளவு) திடீரென்று 6-க்குக் கீழே சரியும், ஃபில்டரில் வளர்ந்த நல்ல பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். அந்த ஒரு பங்கு போர் தண்ணீர் அதைத் தாங்கிப் பிடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் விழும் மழைதான் இந்தக் கரையில் கிடைக்கும் மிகச் சிறந்த மீன் தண்ணீர். முதல் இரண்டு நல்ல மழையை வெளியே விட்டுவிடுங்கள். மாடித் தூசி, பறவை எச்சம், உப்புப் படிவு எல்லாம் அதோடு போகும். பிறகு சின்டெக்ஸில் பிடித்து, வெளிச்சமும் கொசுவும் புகாமல் மூடிவையுங்கள். வாரம் 12 லிட்டர் மாற்றவும் தினம் ஒரு லிட்டர் நிரப்பவும் என்றால் பத்து மாதத்துக்கு 800 லிட்டர் ஆகும். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு தொட்டி மீனுக்குப் போதும். இதிலும் காரத்தன்மை குறைவு. எட்டுப் பங்குக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்தால் சுமார் 250 வரும். அல்லது சுண்ணாம்புக்கு எடுக்கும் கிளிஞ்சலைக் கொதிநீரில் அலசி, ஒரு கைப்பிடி வலைப்பையில் கட்டி ஃபில்டர் அருகே போடலாம். பவளத் துண்டு கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. மன்னார் வளைகுடாவில் வனத்துறை இதைச் சும்மா விடுவதில்லை.

குழாயில் வரும் காவிரிக் கூட்டுக்குடிநீர் கிடைத்தால் கலக்கும் வேலையே மிச்சம். குளோரின் மட்டும் போக வேண்டும். வாயகன்ற டப்பில் ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் வையுங்கள். அவசரம் என்றால் ஹைப்போ உப்பு (சோடியம் தயோசல்பேட்) 10 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, பத்து லிட்டருக்கு ஒரு மி.லி. ஊற்றுங்கள்.

தொட்டி

இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி தொட்டியில் மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 45 முதல் 50 லிட்டர் நிற்கும். பன்னிரண்டு மீன் தாராளம். ஜீப்ராவுக்கு நீளம்தான் முக்கியம், ஆழம் அல்ல. மேற்குச் சுவரோரம் வைக்காதீர்கள்; மாலை வரை சுவர் சூட்டைக் கக்கும். அடியில் கழுவிய ஆற்று மணல் ஒரு அங்குலம். கடற்கரை மணல் வேண்டாம். அதில் கிளிஞ்சல் பொடி கலந்திருப்பதால் பிஹெச் 8-க்கு மேல் ஏறி நின்றுவிடும்.

பிஹெச் ஏறினால் என்ன என்று கேட்கலாம். மீன் கழிவில் வரும் அம்மோனியாவில் நச்சுள்ள பங்கு எவ்வளவு என்பது பிஹெச்சையும் வெப்பத்தையும் பொறுத்தது. பிஹெச் 7, 20 டிகிரியில் அது 0.4 சதவீதம். பிஹெச் 8, 30 டிகிரியில் 7.5 சதவீதம். ஏறக்குறைய இருபது மடங்கு. குளிர்நாட்டுக்காரர் தவறி அதிகத் தீனி போட்டால் மறுநாள் தண்ணீர் மாற்றித் தப்பித்துவிடுவார். அதே தவறு இங்கே பொழுது விடிவதற்குள் மீனைக் கவிழ்த்துவிடும்.

அதனால் மீன் வருவதற்கு முன்பே ஃபில்டர் பழக வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஏர் பம்ப்பில் ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுவாருங்கள். நம் வெப்பத்தில் மூன்று, நான்கு வாரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் பூஜ்யம் காட்டும். தெரிந்தவர் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் அதில் பாதி நேரம் போதும், அங்கே நோய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம். கோடையில் நான்கு மணி நேரம் காற்று நின்றால் கூட்டமான தொட்டி தாங்காது. இரண்டு இனமும் துள்ளும் மீன், அதனால் மூடி வேண்டும்; கண்ணாடி மூடி சூட்டை அடைக்கும் என்பதால் மரச்சட்டத்தில் கொசுவலை அடித்து வையுங்கள்.

மீன் வாங்குவது

சென்னை கொளத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோதான் பெரும்பாலும் வரும். ஒருநாள் தீனி நிறுத்திய மீனை, இரவுப் பயணத்தில், தெர்மாகோல் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். கூட்டம் குறைந்தது எட்டு. பத்து, பன்னிரண்டு நல்லது. நான்கைந்து மட்டும் விட்டால் ஜீப்ரா ஒன்றையொன்று துரத்திச் செதிலைப் பெயர்க்கும். ஆண் ஒல்லி, நீலக் கோடுகளுக்கு நடுவே பொன்னிறம் மின்னும். பெண் வெள்ளி நிறம், வயிறு உருண்டிருக்கும். நான்கு ஆணுக்கு ஆறு பெண் என்ற விகிதத்தில் கேளுங்கள். முதுகு வளைந்த மீன், தீனி தின்றும் வயிறு ஒட்டிய மீன் இருக்கும் தொட்டியிலிருந்து எதையும் வாங்க வேண்டாம். அது மீன் காசநோயாக இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் நமக்கும் தோலில் தொற்றும்.

நீண்ட பயணம் வந்த பையைத் திறந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலப்பது நல்லது என்ற அறிவுரையை இங்கே பின்பற்றாதீர்கள். பைக்குள் மீன் விட்ட கரியமில வாயுவால் பிஹெச் இறங்கி, அம்மோனியா அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்து நம் பிஹெச் 8 தண்ணீரைக் கலந்ததும் அது நஞ்சாக மாறும். பையை மூடியபடியே 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு பிரித்து, வலையால் மீனை மட்டும் எடுத்துத் தனிமைத் தொட்டியில் (நோய் இருக்கிறதா என்று பார்க்கப் புது மீனைத் தனியே வைக்கும் தொட்டி) விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. கடைத் தண்ணீரின் டிடிஎஸ்ஸை முன்பே கேட்டு, தனிமைத் தொட்டியை அதற்கு அருகில் வைத்தால் அதிர்ச்சி இருக்காது. மூன்று வாரம் அங்கேயே இருக்கட்டும். அந்த வாரங்களில் மெல்ல மெல்ல நம் தண்ணீருக்குப் பழக்கிவிடலாம்.

தீனி சுலபம். வாய் சின்னது, பொடித்த குருணைத் தீனி ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தீரும் அளவு. ஊருணியிலிருந்து மொய்னா என்ற பொடித் தண்ணீர்ப்பூச்சியைப் பிடித்துப் போட்டால் மீனின் நிறமே மாறும். ஆனால் வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்து, தட்டான் புழுவை எடுத்துவிட்டுப் போடுங்கள். ஒரு தட்டான் புழு குஞ்சுத் தொட்டியையே காலி செய்யும்.

ஜீப்ரா முட்டை

இனப்பெருக்கத்துக்கு முன் ஏழு முதல் பத்து நாள் ஆணையும் பெண்ணையும் பிரித்து, மொய்னா, ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் பொடி இறால்), கொசுப்புழு என்று உயிர்த்தீனி கொடுங்கள். அதே நாளில் குஞ்சுகளுக்கான இன்ஃபுசோரியாவையும் (அவை தின்னும் நுண்ணுயிர்கள்) தொடங்கிவிட வேண்டும். பலர் முட்டை பொரிந்த பிறகு ஓடுகிறார்கள், காரியம் அங்கேதான் கெடுகிறது. இரண்டு லிட்டர் பழைய தொட்டித் தண்ணீரில் ஒரு வாழைப்பழத் தோல் துண்டு, நிழலில். முதல் இரண்டு மூன்று நாள் பால் போலக் கலங்கி நாறும்; அது பாக்டீரியா மட்டும். பிறகு தண்ணீர் தெளிந்து, நாற்றம் அடங்கி, வெளிச்சத்தில் பிடித்தால் தூசு நகர்வது போலத் தெரியும். அப்போதுதான் தீனி தயார். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு பாட்டில் போட்டுவைத்தால் ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும்.

முட்டைத் தொட்டிக்கு 15 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். தண்ணீர் 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம், டிடிஎஸ் 200 முதல் 300, வெப்பம் 26 முதல் 29. அடியில் கோலிக்குண்டு இரண்டு அடுக்கு பரப்புங்கள். ஜீப்ரா முட்டை ஒட்டாது. போட்டதும் உருண்டு இடுக்கில் இறங்கும். தாய்மீன் வாய் அங்கே எட்டாது. கோலிக்குப் பதில் காய்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடையை டப்புக்குள் இறக்கி, மீனைக் கூடைக்குள் விடுவது இன்னும் சுத்தமான வழி. ஓட்டை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இது இல்லாமல் வெறும் டப்பில் விட்டால் போட்ட முட்டையில் பெரும்பகுதியை அவையே தின்றுவிடும்.

மாலையில் மூன்று பெண்ணும் இரண்டு ஆணும் விட்டு, தீனி போடாமல், துணியால் மூடி இருட்டாக்குங்கள். விடிந்து வெளிச்சம் பட்டதும் ஆண் பெண்ணைத் துரத்தும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். ஒரு நல்ல பெண் நூறு, இருநூறு முட்டை போடும். அன்று நடக்காவிட்டால் மறுநாளும் விட்டுப் பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம், திரும்பப் பிரித்துத் தீனி கொடுங்கள். முடிந்ததும் எல்லா மீனையும் எடுத்துவிட வேண்டும். அதே பெண் ஒரு வாரத்தில் மறுபடி தயாராகும்.

முட்டை சுமார் ஒரு மில்லிமீட்டர், கண்ணாடி போலத் தெளிவு. மதியத்துக்குள் வெள்ளையானவை கருவுறாதவை. சொட்டு மருந்துக் குழலால் அவற்றை உறிஞ்சி எடுங்கள். இல்லையென்றால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும். பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் நீலம் என்ற மருந்தை, தண்ணீர் வெளிர்நீலமாகும் அளவு விடலாம். அது ஃபில்டர் பாக்டீரியாவைக் கொல்லும், அதனால் பெரிய தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பாதிக்கு மேல் வெள்ளையானால் ஆண் இளசாக இருக்கும், அல்லது பெண் வெகுநாள் முட்டையைத் தேக்கி வைத்திருக்கும். இரண்டாவது ஈட்டில் பெரும்பாலும் சரியாகும். வெப்பம் 33-ஐத் தாண்டினால் கரு கோணலாக வளரும். அக்னி நட்சத்திரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

28 டிகிரியில் இரண்டாம் நாள் கடைசியிலிருந்து மூன்றாம் நாளுக்குள் பொரியும். குஞ்சு டப்பின் சுவரில் ஊசி நுனி போல ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது தீனி தேவையில்லை, மஞ்சள்கரு இருக்கிறது. நான்கு, ஐந்தாம் நாளில் அவை மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிக் காற்றுப்பையை நிரப்ப வேண்டும். மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அதைத் துளைக்க முடியாமல், அடியில் தவழ்ந்தபடியே சாகும். செய்தித்தாளை ஒரு நொடி மேற்பரப்பில் படுக்கவைத்து இழுத்தால் படலம் அதோடு வந்துவிடும்.

நீந்தத் தொடங்கியதும் இன்ஃபுசோரியா, நாளுக்கு நான்கைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. ஏழு, எட்டாம் நாளில் மொத்தமாகச் செத்தால் அது பெரும்பாலும் நோய் அல்ல, பட்டினி. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: வயிறு நிறைந்த குஞ்சுக்கு நடுவில் ஒரு பருமன் தெரியும், பட்டினிக் குஞ்சுக்குக் கண்ணும் தலையும் மட்டும் பெரிதாக இருக்கும். வேறு வழி இல்லாவிட்டால் வெந்த முட்டையின் மஞ்சள் கருவைப் பட்டாணி அளவு எடுத்துத் துணியில் கட்டி ஒரு டம்ளர் தண்ணீரில் பிழிந்து, அதில் ஐந்தாறு சொட்டு. ஒரு சொட்டு கூடினாலும் தண்ணீர் அழுகும் என்பதால் இதை நான் கடைசியாகத்தான் சொல்வேன்.

ஒன்பது, பத்தாம் நாளிலிருந்து ஆர்டீமியாக் குஞ்சு. இதில் மட்டும் நம் கரைக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். உப்பு வாங்கி எடை போடத் தேவையில்லை, கடல் தண்ணீரே சரியான அளவு. ஆள் நடமாட்டம், படகு டீசல் இல்லாத இடத்தில் எடுத்து வேட்டித் துணியில் இருமுறை வடிகட்டுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஒரு கிராம் ஆர்டீமியா முட்டை, அடிவரை போகும் ஏர் டியூப், மேலே ஒரு விளக்கு. 28 டிகிரியில் 24 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் ஓடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு அடியில் சேரும். அடியிலிருந்து குஞ்சை உறிஞ்சி, துணியில் நல்ல தண்ணீர் விட்டு அலசிப் போடுங்கள். ஆர்டீமியா நன்னீரில் சில மணி நேரத்தில் சாகும், அதனால் மீன்குஞ்சின் வயிறு ஆரஞ்சாகும் அளவோடு நிறுத்துங்கள். ஓடு கலந்து போனால் குஞ்சின் குடலில் அடைக்கும்.

தண்ணீர் மாற்ற, மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் டியூப் அருமையான கருவி. உருளையைத் திருகிச் சொட்டாக விட்டால், இரண்டு மணி நேரத்தில் ஒரு லிட்டர் அதிர்ச்சியில்லாமல் உள்ளே போகும். வெளியேற்றும் குழாய் முனையில் நைலான் துணி கட்டுங்கள். பத்து லிட்டருக்கு நூறு குஞ்சு இரண்டு வாரம் தாங்கும், பிறகு பெரிய தொட்டி. ஒரு மாதத்தில் ஒரு சென்டிமீட்டர், மூன்று மாதத்தில் ஆண் பெண் தெரியும்.

சில்லர் வாங்கிவிட்டேன் என்பவருக்கு

வொயிட் கிளவுட் ஒரே காலையில் கொட்டித் தீர்க்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, மெல்லிய இலைகளின் நடுவே முட்டையிடும். அதனால் கோலிக்குண்டு வேண்டாம். ஜாவா பாசி அடர்த்தியாக, அல்லது அக்ரிலிக் கம்பளி நூலில் கட்டிய குஞ்சம். தண்ணீர் 20 முதல் 22 டிகிரி. சில வாரம் 18-இல் வைத்து மெல்ல 21-க்கு ஏற்றினால் ஆண்கள் துடுப்பை விரித்து ஆடத் தொடங்கும். ஐந்தாறு மீனை ஒரு வாரம் விட்டு, பிறகு அவற்றை மாற்றிவிட்டுப் பாசித் தொட்டியை அப்படியே வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பொரியும். குஞ்சு ஜீப்ராவைவிடச் சின்னதாகத் தோன்றும், மேற்பரப்பிலேயே தொங்கும். இன்ஃபுசோரியா பத்து நாளுக்கு மேலும் தேவைப்படும். நன்றாகத் தின்ற பெற்றோர் குஞ்சை அதிகம் தொடாது என்பது உண்மை. ஆனால் மூன்று வாரக் குஞ்சு நேற்றுப் பொரிந்ததைத் தின்னும், எனவே வாரத்துக்கு ஒரு டப்பாகப் பிரியுங்கள். இளங்குஞ்சின் உடலில் ஓடும் நீலப்பச்சைக் கோடு நியான் டெட்ராவுக்குச் சவால் விடும். பெரிதானதும் அது மங்கிவிடும், பயப்பட வேண்டாம்.

உப்பு குறையவே குறையாத வீடு, ஆர்ஓவும் கட்டாது என்றால் மூன்றாவது ஒரு மீன் இருக்கிறது. ஒரைசியாஸ் இனத்து அரிசி மீன், நம் கிழக்குக் கரையோரக் கழிமுகங்களிலேயே நன்னீரிலும் உவர்நீரிலும் வாழ்வது. மூன்று சென்டிமீட்டர், கண்ணாடி உடல், கண்ணில் நீலப் பளபளப்பு, கூட்டமாக மேல்மட்டத்தில் திரியும். பெண் முட்டைக் கொத்தை வயிற்றடியில் தொங்கவிட்டு, செடியில் உரசி ஒட்டவைக்கும். முட்டை பொரியப் பத்து நாளுக்கு மேல் ஆகும். குஞ்சு கொஞ்சம் பெரிதாகப் பிறப்பதால் முதல் வாரம் ஜீப்ரா அளவுக்குச் சோதிக்காது. கடையில் கேட்டால் கிடைப்பது அரிது.

குஞ்சு பெருகியபின் எங்கே விடுவது என்று எல்லோரும் கேட்பார்கள். இரண்டரை சென்டிமீட்டர் ஆனதும் ராமநாதபுரம், பரமக்குடி, மதுரைக் கடைகள் தீனிக்கோ தொட்டிச் சாமானுக்கோ மாற்றாக எடுத்துக்கொள்வது உண்டு. முட்டை எடுப்பதற்கு முன்பே பேசிவையுங்கள். ஊருணியில் விடாதீர்கள். அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்ளும் பெண்களோடு வேறு கடையில் வாங்கிய ஆண்களைச் சேருங்கள். அண்ணன் தங்கையையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் சில ஈட்டுக்குப் பிறகு வளைந்த முதுகும் பொரியாத முட்டையும் கூடும்.